பலகை அடித்த சுவரும் பன்னிரண்டு போல்ட்டும்

1

ஒரு வார்த்தையால் போன சனிக்கிழமை பதினெட்டு மைல் வீணாகக் கார் ஓட்டினோம். தெரியாத வார்த்தை இல்லை, நன்றாகத் தெரிந்ததுதான். இந்த ஊரில் அதற்கு வேறு அர்த்தம்.

எங்கள் சாப்பாட்டு மேசை வடக்குச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. கனடாவின் இந்தச் சமவெளியில் வடக்குச் சுவரைக் குளிர்காலத்தில் தொட்டால் ஐஸ் பெட்டிக்குள் கை விட்ட மாதிரி இருக்கும். வீடு சொந்தமாகி ஒரு வருடம் ஆகவில்லை. அடுத்த குளிருக்குள் அந்தச் சுவருக்கு மரப்பலகை அடித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். இங்கே எல்லோரும் இந்த வேலையைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். என் கணவர் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். நான் ஊர் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுகிறேன். இருவருக்கும் சுத்தியல் பிடித்துப் பழக்கம் இல்லை. ஆனாலும் பலகை அடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும் என்ற தைரியம் இருந்தது. ஊரில் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

மரக்கடைக்குப் போய், பலகைகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "ரீப்பர் வேண்டும்" என்றேன். சுவரில் முதலில் அடிக்கிற ஒல்லி மரச்சட்டம். அதன் மேல்தான் பலகை நிற்கும். திருவண்ணாமலையில் எந்த ஆசாரியிடமும் ரீப்பர் என்றால் போதும். கடைக்காரர் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், பிறகு மிகவும் அன்பாக ஒரு காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தார். நெடுஞ்சாலையில் ஒன்பது மைல். போய் இறங்கினால் ஒரு பெரிய திடல், அதில் வரிசையாக வீடு உயரத்துக்குக் கதிர் அறுக்கும் இயந்திரங்கள். "எத்தனை ஏக்கர்?" என்று கேட்டார் அங்கிருந்தவர். "பன்னிரண்டு அடிக்கு ஒன்பது அடி. சாப்பாட்டு அறை" என்றார் என் கணவர்.

பின் ஸீட்டில் இருந்த எங்கள் மகள் கவிதா வீடு வரும்வரை சிரித்தாள். பதினொரு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஆங்கிலத்தில் நான் கேட்டால் என் உச்சரிப்பைத் திருத்திவிட்டுப் பதில் சொல்வாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்க இந்தக் கதை ஓடியிருக்கும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் முதல் சட்டத்தைச் சுவரில் வைத்துப் பிடித்தபோது, அவள் ஒரு கேள்வி கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். "அந்தப் பக்கத்தில் யார் பிடித்துக்கொள்வார்கள்?"

"எந்தப் பக்கத்தில்?" என்றார் அவள் அப்பா. "அந்தப் பக்கம் இன்னும் உருகாத பனிதான் இருக்கிறது."

எனக்குப் புரிந்துவிட்டது. சுவருக்குப் பலகை அடிக்க வேண்டுமென்றால் மறுபக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று அவள் ஐந்து வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். ஆறு வயதில் அவள் கண்ணெதிரே அடித்த ஒரே பலகைச் சுவர் அப்படித்தான் எழுந்தது.

2

அந்தக் கதை என் அம்மாவின் ஒரு கடிதத்தில் தொடங்கியது.

அப்போது நாங்கள் இதே ஊரில் வேறொரு வாடகை வீட்டில் இருந்தோம். அதன் சாப்பாட்டு அறை முழுக்கக் கரும்பழுப்பு மரப்பலகை. கவிதாவின் பிறந்தநாளுக்கு எடுத்த போட்டோ ஒன்றைத் திருவண்ணாமலைக்கு அனுப்பியிருந்தேன். மூன்று வாரம் கழித்து அம்மாவின் நீல நிற ஏர் லெட்டர் வந்தது. பேத்தியின் கவுனைப் பற்றி ஒரு வரி. மீதி முழுக்கச் சுவரைப் பற்றி.

"உன் சாப்பாட்டு ரூம்ல சொவத்துல இருக்கறது நெஜ மரமா, பெயின்ட்டா? மரம்னா கரையான் வராதா? அதுக்குப் பின்னாடி என்னா இருக்குது? பாத்து எழுது."

பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. அதுவரை அதைத் தினமும் மூன்று வேளை பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறேன். முட்டியால் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் 'டம்' என்றது, ஓரிடத்தில் 'டொக்' என்றது. வீட்டுக்காரம்மாவைக் கேட்டேன். "ஒன்றும் இல்லை, சும்மா சுவர்" என்றாள். மனசு கேட்கவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஸ்விட்ச் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சளாக, பொசுபொசுவென்று, பஞ்சு.

"பின்னாடி மஞ்சள் பஞ்சு இருக்குதும்மா, குளிருக்கு" என்று எழுதினேன். அடுத்த கடிதத்தில் அம்மா, "சொவத்துக்கு மெத்தையா!" என்று ஆச்சரியப்பட்டிருந்தாள். அதன் கீழே: "நீ வர்றப்போ நம்ம வூட்டுச் சாப்பாட்டு ரூம்லயும் இது மாதிரி போட்டுக் குடு. ஒரு சொவுரு மட்டும் போதும். எந்தச் சொவுருனு உனக்குத் தெரியும்."

தெரியும். ஆனால் நான் அதைப் பார்த்ததில்லை. நான் ஊரை விட்டு வரும்போது அங்கே சுவர் இல்லை, கதவு இருந்தது.

3

எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் அப்பாவை நைனா என்போம். என் நைனா ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தம்பி கோவிந்தன், என் சித்தப்பா, ஒரு பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். பஸ் ஸ்டாண்டில் கூண்டு மாதிரி ஓர் அறையில் உட்கார்ந்து வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பி விடுவார். தேரோடும் வீதிக்கு இரண்டு தெரு தள்ளி, தாத்தா கட்டிய ஒரே வீட்டின் இரண்டு பாதிகளில் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். சாப்பாட்டு அறையில் ஒரு கதவு, அதைத் திறந்தால் சித்தப்பாவின் மனைவி சின்னம்மாவின் சமையலறை. அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் ரசம், அந்தப் பக்கம் பொரியல் என்றுதான் நான் வளர்ந்தேன்.

எழுபத்து நான்கில் நான் கல்யாணமாகி இங்கே வந்தேன். மறு வருடம் தாத்தாவுக்கு வயிற்றில் வலி. உடனே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் சித்தப்பா. உள்ளூர் டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், இரண்டு நாள் பார்க்கலாம் என்றார் நைனா. மூன்றாம் நாள் தாத்தா போய்விட்டார். கருமாதியன்று, கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சித்தப்பா சொன்னாராம்: "அவருக்கு வயசாயி சாவல. எங்க அண்ணன் பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லிக்கினு இருந்ததுல செத்தாரு."

மறுநாள் நைனா செங்கல் இறக்கினார். கொத்தனார் ஒருவர் சாயங்காலத்துக்குள் கதவைக் கழற்றி, வழியை அடைத்துவிட்டார். பூசலாமா என்று கேட்டதற்கு, "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாராம் நைனா.

இதெல்லாம் எனக்குக் கடிதத்தில் தெரிந்தது. ஒரே வாரத்தில் ஒரே தெருவிலிருந்து இரண்டு ஏர் லெட்டர்கள். ஒரே தபால்காரர்தான் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார். நைனா நாலு வரி எழுதியிருந்தார். சித்தப்பா இடமே விடாமல், மடிக்கிற ஓரத்திலும் எழுதியிருந்தார். நைனாவுக்கு உடனே பதில் போட்டேன். சித்தப்பாவுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். வருடங்கள் போய்விட்டன. தூரத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு சௌகரியம். பேசாமல் இருந்துவிட்டுத் தபால் மேல் பழி போடலாம்.

தீபத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள்தான் பாவம். மலை மேல் தீபம் பார்த்துவிட்டு வந்து முதலில் அண்ணன் வீட்டில் சாப்பிட வேண்டும், பிறகு தெருவில் இறங்கி நாலு அடி நடந்து தம்பி வீட்டிலும் சாப்பிட வேண்டும். எங்கே கம்மியாகச் சாப்பிட்டாலும் கோபம். ஒரு மாமா இரண்டு இலையிலும் முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மூன்று நாள் படுத்துவிட்டார் என்று அம்மா எழுதியிருந்தாள்.

4

எண்பத்து மூன்றில் கவிதாவை அழைத்துக்கொண்டு இரண்டு மாத விடுமுறைக்குப் போனேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தச் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தேன்.

கதவு இருந்த இடத்தில் பூசாத செங்கல், கலவை வழிந்து காய்ந்தபடி. அதற்கு நேர் எதிரே நைனாவின் நாற்காலி. எட்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் அவர் சாப்பிட்டிருக்கிறார். தானே விதித்துக்கொண்ட தண்டனையா, வீம்பா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயம். எனவே பலகை அடிக்கிற யோசனையை மட்டும் சொன்னேன். "உங்க அம்மா ஆசைப்பட்டா பண்ணிக்கோ" என்றார்.

ஊரில் யாரும் சுவருக்குப் பலகை அடித்ததில்லை. இரண்டு ஆசாரிகள் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது பீரோங்க, சொவுரு இல்ல" என்று சொல்லிப் போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் ஏழுமலை. நாற்பது வயது இருக்கும், காதில் பென்சில். போட்டோவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பஸ்ஸுங்க" என்றார்.

"பஸ்ஸா?"

"ஆமாங்க. நான் பத்து வருசம் பஸ் பாடி கட்டற ஷெட்ல வேல செஞ்சேன். உள்பக்கம் இப்படித்தான். ரீப்பர் அடிச்சி, பிளைவுட் போட்டு, ஜாயின்ட்ல அலுமினியம் பீடிங் ஓட்டுவோம். வூட்டுக்குள்ள போடணும், அவ்ளோதான? போட்டுடலாம்."

அப்படியே போட்டார். ரசமட்டத்தை வைத்துக் கோடு இழுத்தார். சட்டங்களை அறுத்தார். பழைய சுவர்ப் பகுதியில் துளை போட்டு, மரக்கட்டை செருகி, ஆணி அடித்தார். எல்லாவற்றையும் கவிதா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்குத் தமிழில் அப்போது நிறைய வார்த்தைகள் இருந்தன, வரிசைதான் இல்லை. "இது ஏன் கட்டை உள்ள சாப்பிடுது?" என்று கேட்டாள். ஏழுமலைக்கு அது மிகவும் பிடித்துப்போய், அன்று முழுக்க, "பாப்பா, இன்னொரு கட்ட சாப்ட்டுச்சு பாரு" என்று சொல்லிக்கொண்டே செருகினார்.

கதவை அடைத்த இடத்துக்கு வந்ததும் சிக்கல். அவசரத்தில் கட்டிய ஒற்றைச் செங்கல் சுவர், அதுவும் கலவை கம்மி. உளியை வைத்துத் தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்தது. கட்டை நிற்கவில்லை. ஏழுமலை பெரிய சுத்தியலை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. பிறகு சின்னம்மாவின் குரல்.

5

எட்டு வருடமாக எங்கள் வாசல்படி மிதிக்காதவள், தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு, கையில் உடைந்த ஜாடியின் கழுத்தோடு உள்ளே வந்தாள். புடவை முந்தானையெல்லாம் மாங்காய் ஊறுகாய் எண்ணெய்.

"என்னா நெனச்சிக்கினு இருக்கீங்க? சொவுரு உங்களுது மட்டுமா? என் பலகையே கழண்டு வுழுந்துடுச்சு! ஒரு வருசத்து ஊறுகாய்!"

அவளும் அதே சுவரில், தன் பக்கம் ஒரு பலகை அடித்து ஜாடிகளை வைத்திருந்திருக்கிறாள். அம்மா சமையலறை வாசலில் அசையாமல் நின்றாள். நைனா நாற்காலியை விட்டு எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். நான், "சின்னம்மா, மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

அவள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "சக்கு! எப்படி எளச்சிட்டடி!" என்றாள். அடுத்த நொடி கோபம் ஞாபகம் வந்து மறுபடி வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. அவள் கண் என்னைத் தாண்டிச் சுவருக்குப் போயிருந்தது. பாதிச் சுவரில் பிளைவுட் ஏறி, அலுமினியப் பட்டை பளபளவென்று இருந்தது.

"என்னாடி இது?"

"சொவத்துக்குப் பலகை அடிக்கிறோம் சின்னம்மா."

கிட்டே போனாள். எண்ணெய்க் கையை இடுப்பில் துடைத்துவிட்டு, விரலால் பட்டையைத் தடவினாள். தட்டிப் பார்த்தாள். அம்மா கடிதத்தில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்: "கரையான் வராதா?"

"மருந்து அடிச்சிருக்கேங்க" என்றார் ஏழுமலை.

"பஸ்ஸாட்டம் இருக்குது" என்றாள் சின்னம்மா. "உக்காந்து சாப்புட டிக்கெட்டு வாங்கணுமா?"

அம்மாதான் முதலில் சிரித்தது. சத்தம் வராமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சின்னம்மா சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல், சுவரையே பார்த்துக்கொண்டு பேசினார்கள். ஊறுகாய் எத்தனை மாங்காய் போட்டது, பட்டையின் பளபளப்பு மங்குமா, பேத்திக்கு ஏன் இவ்வளவு கட்டை முடி.

மறுநாளும் சின்னம்மா வந்தாள், பலகை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று பார்க்க. அதற்கு மறுநாளும் வந்தாள். சித்தப்பா டூட்டிக்குப் போன பிறகு வருவாள், நைனா வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து.

6

அடைத்த இடம் மட்டும் மொட்டையாக நின்றது. ஏழுமலை ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சொன்னார்: "இதுல கட்ட நிக்காதுங்க. ஒண்ணு சொவத்த இடிச்சிப் புதுசா கட்டணும். இல்லாட்டி பஸ்ல பண்றாப்ல போல்ட்டு போடணும். இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் ஊடுருவி வரணும். அங்க இரும்புப் பட்டை வெச்சி நட்டு முடுக்கணும். ஆறு ஆறா ரெண்டு வரிச, பன்னெண்டு போல்ட்டு. ஆனா அந்தப் பக்கம் ஒரு ஆளு ஸ்பேனரு புடிக்கணும்."

அம்மா, "அது நடக்காது" என்றாள்.

சின்னம்மா, "நான் புடிக்கறேன்" என்றாள். "வியாழக்கெழம அவருக்குக் காலைல டூட்டி. பத்து மணிக்கு ஆரம்பிச்சா பன்னெண்டுக்குள்ள முடிச்சிடலாம். பட்டைய நான் பலகையால மறைச்சிக்கறேன். போல்ட்டு மேலயே பலகை நிக்கும், இனிமே ஜாடி வுழாது."

நைனாவிடம் சொன்னோம். தம்பி பெண்டாட்டி பிடிப்பாள் என்றதும் நாற்காலியைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டார். பிறகு, "சரி, இந்தப் பக்கம் நான் திருப்பறேன். ஏழுமலை அளவு பாத்துக்கட்டும்" என்றார்.

வியாழக்கிழமை காலையில் கம்பி உளியால் துளைகள் போட்டார்கள். முதல் துளை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அதிலிருந்து பென்சில் கனத்துக்கு வெளிச்சம் வந்தது. கவிதா ஓடிப்போய் அதில் கண்ணை வைத்தாள். "அம்மா, ஒரு கண்ணு! அந்த வீட்ல ஒரு கண்ணு இருக்கு!" என்று கத்தினாள். அந்தக் கண் சின்னம்மாவினுடையது.

இரண்டு போல்ட்டுகள் ஏறின. மூன்றாவதை நைனா செருகிவிட்டு, ஸ்பேனரை வைத்து, துளைக்குக் கேட்கிற மாதிரி, "புடிச்சிட்டியாம்மா?" என்றார்.

அந்தப் பக்கம் யாரோ நடக்கிற சத்தம். செருப்புச் சத்தம். சின்னம்மா ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள். அன்று ஓர் ஆள் லீவு எடுத்ததால் சித்தப்பாவின் டூட்டியை மத்தியானத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர், மனைவி கையில் ஸ்பேனரோடு சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறார்.

இந்தப் பக்கம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நைனாவுக்கு ஒன்றும் தெரியாது. "என்னாம்மா, புடிச்சியா இல்லியா?" என்றார் மறுபடி.

"நட்ட இப்படியா புடிக்கறது? இங்க குடு" என்று ஓர் ஆண் குரல் அந்தப் பக்கம் கேட்டது. இரும்பு இரும்பின் மேல் உட்காரும் சத்தம். பிறகு அதே குரல் துளை வழியாக, நேராக: "புடிச்சிருக்கேன். திருப்பு."

நைனாவின் கை ஸ்பேனர் மேலேயே நின்றது. ஏழுமலை என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பிறகு நைனா திருப்பினார்.

"போதுமா?" என்றார்.

"இன்னும் அரைச் சுத்து."

நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. "புடி", "திருப்பு", "போதும்". மூன்று வார்த்தைகள்தான். கவிதா தெரு வழியாக அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஓடி ஓடி வந்தாள். "அந்தத் தாத்தா வேர்வை" என்றாள் என்னிடம். அங்கே போய் என்ன சொன்னாளோ. ஒன்பதாவது போல்ட்டில் நைனா வேகமாகத் திருப்பிவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது:

"அண்ணா, மெதுவா. செங்கல் உதுருது."

நைனா ஸ்பேனரைக் கீழே வைத்தார். தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "சரிடா" என்றார். அந்தச் 'சரிடா' அவ்வளவு மெல்லிய குரலில் வந்தது. வாழ்நாள் முழுக்க மைதானத்தில் கத்தியவருக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பன்னிரண்டும் ஏறின. அன்று அவர்கள் வேறு எதுவும் பேசவில்லை. கட்டிப் பிடித்து அழவும் இல்லை. சித்தப்பா சாப்பிட்டுவிட்டு மத்தியான டூட்டிக்குப் போனார். நைனா தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஏழுமலை பிளைவுட்டை ஏற்றிப் பீடிங் ஓட்டுவதைக் கடைசி ஸ்க்ரூ வரைக்கும் பார்த்தார்.

7

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அந்தக் கூண்டு அறையில் சித்தப்பாவைப் பார்த்தேன். எழுபத்தைந்தில் வந்த கடிதத்துக்குப் பதில் போடாததைச் சொன்னேன். அவர் ஒரு வண்டிக்கு விசில் ஊதி அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

"வுடு சக்கு. நான் லெட்டரு போய்ச் சேரலனு நெனச்சிக்கினேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்படித்தான் நெனச்சிக்கணும்னு வெச்சிருந்தேன்" என்றார். எனக்கு டீ வரவழைத்தார்.

அந்த வருடம் தீபத்துக்குச் சொந்தக்காரர்கள் ஒரே தடவை சாப்பிட்டார்கள். இந்த வருடம் அண்ணன் வீடு, அடுத்த வருடம் தம்பி வீடு என்று பேசி வைத்துக்கொண்டார்கள். கதவை மறுபடி திறந்துவிடலாமே என்று நான் எழுதினேன். அம்மாவிடமிருந்து பதில் வந்தது: முனிசிபாலிட்டியில் இப்போது இரண்டு வீடு, இரண்டு கதவு எண், இரண்டு வரி. ஒன்றாக்க வேண்டுமென்றால் மனு, வரைபடம், இரண்டு பேர் கையெழுத்து, தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், பிறகு வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு வேறு போக வேண்டும். "அதுவும் இல்லாம, பலகை நல்லா இருக்குது. உங்க சின்னம்மா நெனச்சா தெரு வழியா வந்துடறா. நெனைக்காத நாளே இல்ல." இரண்டு வருடம் கழித்து, மருந்தையும் மீறிக் கரையான் வந்து அடியில் ஒரு முழம் தின்றுவிட்டது. ஏழுமலை வந்து வெட்டிவிட்டு வேறு போட்டாராம். புதிதாகப் போட்டது வேறு நிறம்.

எண்பத்தாறில் ஒரு காலை நைனாவுக்கு நெஞ்சு வலி. அம்மா போட்ட சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டிருக்கிறது. சித்தப்பா ஓடி வந்தார். டாக்சி கிடைக்கவில்லை. வேலூர் பஸ் கிளம்புகிற நேரம். ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பி வண்டியை நிறுத்தி வைத்தார். எத்தனையோ கல்யாணக் கோஷ்டிகள் கெஞ்சியும் ஒரு நிமிடம்கூட வண்டியை நிறுத்தி வைக்காத மனிதர்.

நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வேணான்டா, ரெண்டு நாள் பாக்கலாம்" என்றிருக்கிறார்.

"வாய மூடிக்கினு வா" என்றாராம் சித்தப்பா.

தம்பி தோளில் சாய்ந்துகொண்டு, நைனா மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தார். பதினெட்டு நாள் இருந்தார். தரையில் பாய் போட்டுப் படுத்து, பதினெட்டு நாளும் சித்தப்பா கூட இருந்தார். இந்த விஷயத்தை எனக்கு இரண்டு பேருமே எழுதினார்கள். இந்த முறை இரண்டு கடிதத்திலும் ஒரே கதை இருந்தது. இரண்டு பேருக்கும் அன்றைக்கே பதில் போட்டேன்.

8

எங்கள் வடக்குச் சுவர் இப்போது முக்கால்வாசி முடிந்திருக்கிறது. மூலையில் ஒரு பலகை கோணல். என் கணவர் அதைத் தரை கோணல் என்கிறார். கவிதா சட்டங்களுக்கு நடுவில் மஞ்சள் பஞ்சை அடைத்தாள். அடைத்துக்கொண்டே அந்தக் கண்ணைப் பற்றிக் கேட்டாள். அது யாருடைய கண், அவர்கள் ஏன் கதவை அடைத்தார்கள், அந்தத் தாத்தா இப்போது என்ன செய்கிறார். நான் தமிழில் சொன்னேன், முழுவதையும். நடுவில் அவள் ஒரே ஒரு முறைதான் ஆங்கிலத்தில் குறுக்கிட்டாள், 'கருமாதி' என்றால் என்ன என்று கேட்க.

நைனாவும் அம்மாவும் இங்கே வந்து எங்களோடு இருந்துவிட்டுப் போக வேண்டும் என்று போன வருடம் விண்ணப்பம் போட்டோம். நான் அழைப்புக் கடிதம் எழுதினேன். என் கணவர் சம்பளச் சான்றிதழ் வாங்கினார். நைனா பாஸ்போர்ட்டுக்காக மூன்று முறை சென்னைக்குப் போனார். எல்லாம் முடிந்த பிறகு டில்லி விசா அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. நீங்கள் வயதானவர், உங்கள் ஒரே மகள் கனடாவில் இருக்கிறார், நீங்கள் நிச்சயம் இந்தியாவுக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார்கள். நிலப் பத்திரம், பாங்க் புத்தகம், ஓய்வூதிய ஆணை ஆகியவற்றை அனுப்பச் சொல்லி நாங்கள் பதறிக்கொண்டு தந்தி கொடுத்தோம்.

தந்தி போவதற்குள் நைனா பதில் அனுப்பிவிட்டார். அதன் நகலை எங்களுக்கும் அனுப்பியிருந்தார். டிரில் மாஸ்டர் ஆங்கிலம், பெரிய எழுத்து, ஒரே ஒரு வாக்கியம். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "ஐயா, பக்கத்து வீட்டில் என் தம்பி இருக்கிறான், ஆகவே நான் திரும்பி வருவேன்."

இதை யார் ஒத்துக்கொள்வார்கள் என்று என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். டில்லியில் அதைப் படித்த அதிகாரி யார், அவருக்குத் தம்பி உண்டா, அண்ணன் உண்டா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை தகவல் வந்தது. இருவருக்கும் ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள்.

நைனா மூன்று மாதம் போதும் என்கிறார்.